சுவரும் வாசலும்

ஒரு சமுதாயத்தின் மனத்தை அறிய அதன் சட்டங்களைப் படிக்கலாம். அதனினும் எளிய வழி ஒன்றுண்டு. அது எழுப்பிய கட்டடங்களைச் சுற்றி வந்து, யார் உள்ளே அமர்கிறார், யார் வெளியே நிற்கிறார், கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வரும் நான், நாள்தோறும் ஏரியைக் கடந்து பழவேற்காட்டின் வழியே வருகிறேன். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இன்று வெறும் மண்மேடு. துணியும் அடிமைகளும் கப்பலேறிய துறைமுகத்தைக் காத்த கோட்டை அது. அதன் எதிரே அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நிலைத்திருக்கிறது. அதிகாரம் கட்டியது மண்ணாயிற்று. சீர்திருத்தம் கட்டியது என்னவாயிற்று என்ற கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

பூட்டிய அறைகள்

பெந்தாம் என்னும் ஆங்கில அறிஞர் 1791இல் ஒரு சிறைத் திட்டத்தை வெளியிட்டார். வட்டமான கட்டடம், சுற்றிலும் அறைகள், நடுவில் காவலர் கோபுரம். கைதிகள் ஒவ்வொருவரையும் காவலர் காணலாம். காவலரைக் கைதிகள் காண இயலாது. அடிப்பதை விடக் கண்காணிப்பது மேலானது என்பதே அவர் கண்ட சீர்திருத்தம்!

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1796இல், யார்க் நகரில் வில்லியம் டியூக் என்னும் குவேக்கர் வணிகர் மனநோயாளிகளுக்கென ஓர் இல்லத்தைத் திறந்தார். அங்கே தோட்டமும் வளர்ப்புப் பிராணிகளும் இருந்தன. நோயாளியை விருந்தினர் போல் நடத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆயினும் சன்னல்களில் இரும்பு இருந்தது. சிறையென்று தோன்றாதிருக்க, அது மரச்சட்டம் போல் செய்யப்பட்டிருந்தது. அன்பும் அச்சமும் ஒரே சன்னலில் குடியிருந்தன எனலாம்.

சென்னையிலும் இக்கதை நிகழ்ந்தது. 1794இல் வாலண்டைன் கானலி என்னும் மருத்துவர் புரசைவாக்கத்தில் மனநோயாளர் விடுதி ஒன்றை நடத்தத் தொடங்கினார். பின்னர் 1871இல், கீழ்ப்பாக்கத்தில் பரந்த தோட்ட வெளியில் 145 நோயாளிகளுடன் அரசின் புதிய காப்பகம் திறக்கப்பட்டது. 1922இல் ‘காப்பகம்’ என்ற பெயர் போய், ‘மனநல மருத்துவமனை’ என்ற பெயர் வந்தது. பெயர்ப்பலகை மாறுவது எளிது. சுவர் மாறுவது அரிது. 1961இல் அதன் கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், நோயாளி குடும்பத்தோடும் தொழிலோடும் மீண்டும் வாழ வேண்டும் என்பதற்காகப் பாடுபட்டவர். அதே நோக்கத்துடன் 1984இல் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் தொடங்கக் காரணமானவரும் அவரே.

இத்தனைக்கும் பிறகு, 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓட முடியவில்லை. அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் கருகின. உச்சநீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. யார்க் இல்லம் திறந்து இரு நூற்றாண்டுகள் கடந்த பின்னும் ஓலைக்கூரையின் கீழ் சங்கிலி இருந்ததென்றால், சீர்திருத்தம் நூலில் ஏறிய வேகத்தில் கட்டடத்தில் இறங்கவில்லை என்பதுதானே பொருள்?

ஊரைப் பிரித்த சுவரும் ஊரைச் சேர்த்த தெருவும்

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் ஒரு சுவர் எழும்பியது. தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்பைப் பிற மக்களின் குடியிருப்பிலிருந்து பிரிப்பதே அதன் வேலை. போராட்டங்களுக்குப் பின் 2008 மே 6ஆம் நாள் அதன் ஒரு பகுதியை அரசு இடித்து வழி திறந்தது.

அதே மாவட்டத்தின் மேலக்கோட்டையில் 1998இல் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள். அவற்றுள் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு. எல்லா வீடும் ஒரே அளவு. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. ஒரே மாவட்டத்தில், சில ஆண்டு இடைவெளியில், செங்கல்லும் சிமெண்டும் இருவேறு வேலைகளைச் செய்திருக்கின்றன. செங்கல்லுக்குச் சாதி தெரியாது, அடுக்குகிறவனுக்குத் தெரியும்.

போதும் என்னும் பொருளாதாரம்

வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்னும் கருத்து 1972இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கையால் உலகெங்கும் பரவியது. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதற்கு முன்பே, சிறையிலிருந்தபடி ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி எழுதிவிட்டார். இயற்கையில் ஐவகைப் பொருளாதாரம் உண்டென்பது அவர் கருத்து. பிறவற்றைக் கொன்று வாழ்வது, பறித்து உண்பது, தன் உழைப்பால் ஆக்கிக்கொள்வது, தேனீயைப்போல் கூட்டத்துக்காகச் சேர்ப்பது, கைம்மாறு கருதாது தாயைப்போல் தொண்டு செய்வது என அவை படிப்படியாக உயரும்.

இக்கருத்தைச் செங்கல்லில் எழுதியவர் லாரி பேக்கர். 1945இல் தொழுநோய்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் கட்டடக் கலைஞராக இந்தியா வந்த அவருக்கு முதலில் கிடைத்த பணி என்ன தெரியுமா? ஒதுக்கப்பட்ட தொழுநோயாளிகளின் பழைய காப்பகங்களை மருத்துவமனைகளாக மாற்றுவது! பின்னர் அவர் கேரளத்தில் குறைந்த செலவு வீடுகளைக் கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையைப் பரப்பினார். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும்; இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

வேதியியல் மாணவி என்ற முறையில் ஒன்று சொல்வேன். சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறோம். எரிபொருளிலிருந்து மட்டுமன்றி, கல்லிலிருந்தே கரியமில வாயு வெளிப்படுகிறது. எனவே வேண்டாத ஒவ்வொரு சுவரும் காற்றுக்கு நாம் ஏற்றும் கடன்.

எங்கள் கரையில்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை நெடுகிலும் கான்கிரீட் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அத்திட்டத்தின் சிறந்த கூறு கண்ணுக்குத் தெரியாதது. வீட்டுரிமையைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்க வேண்டும் என்பது அரசின் விதி. கடலோரப் பெண்ணுக்குப் பட்டாவில் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் மீனவன் வீட்டில் பாதி வாழ்க்கை வெளியில்தான். வலை பழுது பார்க்க நிழல் வேண்டும். கருவாடு காயத் தரை வேண்டும். வரிசை வீட்டுப் படம் வரைந்தவர்களுக்கு அது தெரியவில்லை. “வூடு நல்லாத்தாம்மா இருக்கு, குந்தத்தான் எடமில்ல” என்று என் ஆயா சொல்வதில் ஒரு பாடப்புத்தகமே அடங்கியிருக்கிறது.

குறையை வெளியாரிடம் மட்டும் காண்பது நேர்மையன்று. பழவேற்காட்டு ஏரியில் சில குப்பங்கள் ‘பாடு’ என்னும் முறையைத் தலைமுறைகளாகக் காத்து வருகின்றன. மீன்பிடி இடங்களைப் பங்கிட்டு, குலுக்கல் மூலம் முறை வைத்து, அவரவர் நாளில் அவரவர் வலை இறக்குவர். இன்றைய முறை எனதாயின் நாளைய முறை உனது. ஒருவரே அள்ளிச் செல்ல இயலாது. குமரப்பா கண்டால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அம்முறையில் பங்கு அந்தந்தச் சமூகத்து ஆண்களுக்கே. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அதற்கு வெளியே நிற்கின்றனர். மீனைக் கூடையில் சுமந்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களும் வெளியேதான். போதும் என்று சொல்லக் கற்ற நாம், வா என்று சொல்லக் கற்கவில்லை.

எங்கள் ஊரில் புதிதாக ஒரு பொதுக்கூடம் கட்ட வேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் மணலில் அமர்வர். என் அம்மாவும் மற்றப் பெண்களும் சற்றுத் தள்ளி, வீட்டுச் சுவரோரம் நின்று கேட்பர். புதிய கூடத்துக்கும் அதே சுவரோரம்தான் மிஞ்சுமோ என்பது என் அச்சம். பெரியவர்களிடம் நான் கேட்க எண்ணியிருப்பது பெரிய சீர்திருத்தம் அன்று: கூடத்துக்குச் சுவர் குறைவாக இருக்கட்டும், பகலில் வலை பின்னவும் மழையில் கருவாடு காக்கவும் அது உதவட்டும், கூட்டம் நடக்கும்போது பெண்கள் உட்கார உள்ளே பாய் விரிக்கட்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வகுப்பில் ஓர் இருக்கை எனக்குக் கிடைத்தது. அதில் அமர்ந்த பின்னரே வாய் திறந்து கேள்வி கேட்கும் துணிவு வந்தது. நின்றுகொண்டே கேட்டவளின் குரலை யார் குறித்துக்கொள்வார்? தோழர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கூடம், ஒரு மன்றம், ஒரு பள்ளிக் கட்டடம் எழும். அதன் உயரத்தை அளக்குமுன் அதன் வாசலை அளந்து பாருங்கள்.