மேலே போன சொல் கீழே திரும்பட்டும்

வட்டார மருத்துவ அலுவலராகவும் மாவட்ட சுகாதார அலுவலராகவும் புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பி, தங்கைகளுக்கு,

1991-இல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராகச் சேர்ந்தேன். 2022-இல் ஓய்வுபெற்றபோது என் பதவிக்குத் துணை இயக்குநர் (சுகாதாரப் பணிகள்) என்று பெயர். இப்போது அதையே மாவட்ட சுகாதார அலுவலர் என்கிறார்கள். டெங்கு தடுப்பும் தடுப்பூசியும் உங்களுக்குப் பூந்தமல்லிப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான ஊழியர்களிடம் ஒரு செய்தியை எப்படிச் சொல்வது, அவர்கள் சொல்வதை எப்படிக் கேட்பது என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

1. கூட்டத்தைப் போன மாதத்தின் பதிலோடு தொடங்குங்கள்.

மாத ஆய்வுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்குக் கூட்டம் என்றால் மலையடிவாரத்து நர்சம்மா ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்திருப்பார். முன்வரிசையில் மருத்துவர்கள், அடுத்து சுகாதார மேற்பார்வையாளர்களும் ஆய்வாளர்களும், கடைசி வரிசையில் கிராம சுகாதார செவிலியர்கள். திரையில் சதவீதங்கள் ஓடும். சிவப்பில் இருக்கும் பெயரை வாசிப்பார்கள். அந்தப் பெயருக்குரியவர் எழுந்து நிற்பார். நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் நடத்தினேன்.

ஒரு ஜூலை மாதக் கூட்டத்தில் அப்படி எழுந்து நின்ற செவிலியர் ஒருவர், "சார், குழந்தை எடை பார்க்குற மெஷின் ரிப்பேர்னு ஏப்ரல், மே, ஜூன் மூணு கூட்டத்துலயும் சொல்லிட்டேன். இன்னிக்கும் சொல்லணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. சொல்வதால் ஏதாவது பயன் உண்டா என்பதை உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் அதற்கு முன் மூன்று முறை சொன்னது என் நினைவில் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அன்று மாலை ஒரு நீளநோட்டு வாங்கினேன். யார் என்ன கேட்டார், யார் செய்ய வேண்டும், என்ன ஆயிற்று என்று மூன்று பத்திகள் போட்டேன். அடுத்த கூட்டத்தில் திரையைப் போடுவதற்கு முன் அந்த நோட்டை வாசித்தேன். மூன்றாவது பத்தியில் மூன்றே பதில்களுக்குத்தான் இடம்: முடிந்தது, முடியாது, இன்னும் ஆகவில்லை. முடியாது என்றால் ஏன் என்று ஒரு வரி. கட்டடம் கேட்டிருப்பார்கள், நிதி ஒதுக்கீடு என் கையில் இல்லை. அதைச் சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. முடியாது என்ற பதிலை ஊழியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராததைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

முதல் இரண்டு மாதம் நோட்டில் அரைப் பக்கம்கூட நிரம்பவில்லை. ஐந்தாவது மாதம் கடைசி வரிசையிலிருந்து கைகள் உயர்ந்தன. மெஷினையும் ஃபேனையும் தாண்டி வேலையைப் பற்றியே பேசத் தொடங்கினார்கள். எந்தத் தெருவில் தடுப்பூசிக்குக் குழந்தைகளை ஏன் கொண்டுவருவதில்லை, எந்தச் செங்கல் சூளைக்குப் புதிதாகக் குடும்பங்கள் வந்திருக்கின்றன என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

2. சுற்றறிக்கையைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. இருந்தும் மேலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தை ஒரு முகப்புக் கடிதம் வைத்து அப்படியே கீழே தள்ளும் வழக்கம் போகவில்லை. படிக்கிறவருக்கு வேண்டியது நான்கு விஷயங்கள்: என்ன மாறுகிறது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதியிலிருந்து, எந்தப் பழைய வேலையை இனிச் செய்ய வேண்டாம். நான்காவதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. புதிய செயலி வந்த பிறகும் பழைய பதிவேட்டை ஓராண்டு எழுதிக்கொண்டிருந்த செவிலியர்களைப் பார்த்திருக்கிறேன். "நிறுத்தச் சொல்லி லெட்டர் வரலையே சார்" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி.

3. வாட்ஸ்அப் குரூப்பில் யாரையும் திட்டாதீர்கள்.

ஆணைகளுக்கு ஒரு குரூப் வையுங்கள். அதில் வணக்கமும் வாழ்த்தும் வேண்டாம். கொள்ளைநோயோ புயலோ இல்லாத நாளில் இரவு எட்டு மணிக்கு மேல் எதையும் போடாதீர்கள். குறை சொல்ல வேண்டியிருந்தால் அவருக்கு மட்டும் போன் செய்யுங்கள்.

4. தெரியாததையும் தெரியாது என்று சொல்லுங்கள்.

2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்ட பிறகு வந்த வாரங்களை நான் மறக்க மாட்டேன். வழிகாட்டு நெறிகள் அடிக்கடி மாறின. யாரைத் தனிமைப்படுத்துவது, எத்தனை நாள், யாருக்குப் பரிசோதனை என்பவற்றை என் ஊழியர்கள் பல நாள் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் முதலில் தெரிந்துகொண்டார்கள். முழு விவரமும் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று நான் காத்திருந்ததுதான் காரணம். அந்த இடைவெளியில் வதந்தி நுழைந்தது. கவச உடை நமக்கு வரப்போவதில்லை என்று ஒரு பேச்சு பரவி, இரண்டு சுகாதார ஆய்வாளர்களின் வீட்டார் அவர்களை வேலைக்குப் போகவே விடவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலை எட்டேகாலுக்குப் பத்து நிமிடம் போனில் எல்லா வட்டாரங்களோடும் பேசினேன். நேற்று என்ன மாறியது, இன்று எத்தனை கவச உடை கையிருப்பில் உள்ளது, எது எனக்கே இன்னும் தெரியாது, அது எப்போது தெரியும் என்று சொல்வேன். கையிருப்பு குறைவாக இருந்த நாளில் அந்த எண்ணையும் சொன்னேன். குறைவு என்று கேட்டும் ஒருவர்கூட லீவு போடவில்லை. அதுவரை எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததால்தான் பயந்திருக்கிறார்கள்.

இடமாறுதல், பணியிடக் குறைப்பு, ஒப்பந்தம் நீட்டிப்பு ஆகுமா ஆகாதா போன்றவற்றிலும் இதே முறைதான். கலந்தாய்வு தேதி உங்களுக்குத் தெரிந்த அன்றே அவர்களுக்கும் தெரியட்டும்.

5. நீங்கள் கேட்கும் எண்தான் உங்களுக்கு வரும். கவனமாகக் கேளுங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் திட்டம். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போனார்கள். அருமையான ஏற்பாடு. ஒவ்வொரு மாலையும் நான் கேட்ட ஒரே கேள்வி, "இன்று எத்தனை வீடு?"

ஒரு நாள் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு பக்கம் முழுக்க 120/80. அடுத்த பக்கமும் 120/80. அறுபது வயதுக்காரர்கள் நாற்பது பேருக்கு வரிசையாக ஒரே அளவு வருமா? அதை எழுதிய தன்னார்வலரை அழைத்துக் கேட்டேன். கருவியில் பேட்டரி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. "எத்தனை வீடுன்னு மட்டும்தான் சார் கேப்பாங்க" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு மெமோ கொடுக்க வேண்டும் என்றார் உடன் வந்தவர். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பொய்யை அவரிடம் கேட்டு வாங்கியவன் நான். அன்றிலிருந்து எத்தனை வீடு என்பதை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்டேன். தினமும் கேட்டது வேறொன்று: "இன்று யாருக்கு அழுத்தம் கூடுதலாக இருந்தது, அவரை எங்கே அனுப்பினீர்கள்?" எண்கள் முதலில் சரிந்தன. மேலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பேட்டரி கதையையே பதிலாக எழுதினேன். இரண்டு மாதத்தில் எண்கள் மெல்ல ஏறின. இந்த முறை பதிவேட்டில் 160/100-ம் இருந்தது, 150/96-ம் இருந்தது.

சரிந்த எண்ணை மேலே அனுப்ப உங்களுக்குத் துணிவு இல்லையென்றால், உண்மையான எண்ணைக் கீழேயிருந்து எதிர்பார்க்காதீர்கள்.

6. ஒரு தாய் இறந்த வீட்டுக்குப் போன செவிலியரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள்.

தமிழ்நாட்டில் தாய்மார் இறப்பு விகிதம் 2001-03-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 ஆக இருந்தது. 2018-20-இல் 54. இதற்குப் பின்னால் மூன்று செவிலியர்களோடு 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கான சீமாங் மையங்கள் உண்டு. 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் உண்டு. இவற்றோடு 1990-களிலேயே இங்கே தொடங்கிய ஒரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு தாயின் இறப்பையும் எடுத்து, வீட்டில் வலி கண்ட நேரத்திலிருந்து கடைசி மூச்சு வரை எங்கே தாமதம் என்று விசாரிப்பது. தவறியது எந்த ஏற்பாடு என்று தேடுவதற்காகவே அந்த விசாரணை வந்தது. ஆள் தேட அல்ல.

ஆனால் அறைக்குள் நடப்பது வேறாகிவிடுவது உண்டு. நான் இளநிலையில் இருந்தபோது ஓர் ஆய்வில் உட்கார்ந்திருந்தேன். இரத்தசோகை இருந்த கர்ப்பிணி. பெரிய மருத்துவமனையில் இரத்தம் கிடைக்கத் தாமதமாகி இறந்துபோனார். கேள்விகள் எல்லாம் கிராம சுகாதார செவிலியரிடமே போயின. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த தேதி, வீட்டுக்குப் போன தேதி, கையெழுத்து. முடிவில் அவருக்கு 17பி ஒழுங்கு நடவடிக்கை. இறந்த பெண்ணின் வீட்டில் பன்னிரண்டு முறை உட்கார்ந்து பேசியவர் அந்தச் செவிலியர் ஒருவர்தான். அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வட்டாரத்தில் அடுத்த ஓராண்டு கர்ப்பிணிப் பதிவேடுகள் மிக அழகாக இருந்தன. சிக்கலான கர்ப்பிணிகளின் பெயர்கள் மட்டும் தாமதமாகவே மேலே வந்தன.

ஆகவே ஆய்வை நடத்தும் முறை எனக்கு வந்தபோது முதல் கேள்வியைக் கிராம சுகாதார செவிலியரிடமே கேட்டேன்: "அம்மா, உங்களுக்கு எப்போது பயம் வந்தது? அப்போது யாரிடம் சொன்னீர்கள்? அவர் என்ன செய்தார்?" இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். அலட்சியம் செய்தவரைத் தண்டிக்கத் தனி விதிகள் இருக்கின்றன. அதைத் தனியாக, வேறொரு நாளில் செய்யுங்கள்.

7. துணை சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். போனால் உட்காருங்கள்.

திடீர் ஆய்வில் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள், ஏனென்றால் செவிலியர் களத்தில் இருப்பார். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கும் மலையில் மூவாயிரம் பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மலையில் அந்த மூவாயிரம் பேர் எத்தனை குக்கிராமங்களில் சிதறியிருக்கிறார்கள் என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும். புதன்கிழமை போங்கள், தடுப்பூசி நாள். ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் பாருங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அவர் கூட்டத்தில் எழுந்து சொல்லக் கூச்சப்படுகிற செய்தி அது.

8. பாராட்டும்போது என்ன செய்தார் என்று சொல்லுங்கள்.

"சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற சான்றிதழை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. "சூளைக்கு இரவு ஏழு மணிக்குப் போய் ஒன்பது குழந்தைகளுக்குத் தடுப்பூசி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்" என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த மாதம் மூன்று பேர் தங்கள் பகுதிச் சூளைகளுக்குப் போய்வந்திருந்தார்கள்.

9. கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்களை நினையுங்கள்.

கொசுப்புழு தேடும் பணியாளர்கள், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர், ஜீப் டிரைவர், துப்புரவுப் பணியாளர், ஒப்பந்தத்தில் இருக்கும் தரவு பதிவாளர். இவர்கள் பெயர் எந்த ஆய்வுக் கூட்டத்தின் பட்டியலிலும் வராது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் சுகாதாரக் குழுக்கள் போயின. குடிநீரில் குளோரின் கலந்தும் பிளீச்சிங் பவுடர் தெளித்தும் முகாம்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவாமல் காத்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இவர்களை மட்டும் அழைத்துப் பேசுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். சம்பளம் எத்தனை நாள் தாமதம் என்று நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

10. பொறுப்பை ஒப்படைக்கும்போது நோட்டையும் ஒப்படையுங்கள்.

ஒவ்வொரு முறை அதிகாரி மாறும்போதும் ஊழியர்கள் முதலிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டியிருக்கிறது. எடை மெஷின் கேட்ட அந்தச் செவிலியர், எனக்கு முன்னிருந்தவரிடமும் அதைச் சொல்லியிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. ஓய்வுபெற்ற அன்று, அடுத்து வந்தவரிடம் ஜீப் சாவியோடும் இருப்புப் பதிவேட்டோடும் அந்த நீளநோட்டையும் கொடுத்தேன். அதில் இன்னும் ஆகவில்லை என்ற பதிலோடு பதினொரு வரிகள் இருந்தன. அவர் என் எதிரிலேயே உட்கார்ந்து பதினொன்றையும் படித்தார். இரண்டு மாதம் கழித்து எனக்குப் போன் செய்தார். அதற்குள் நான்கு முடிந்திருந்தன.