ஆராய்ச்சிக்கென ஒரு தனிப் பாதை

பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சிக்கூடங்களையும் இணைப்பதற்கு அரசு தனியொரு வலைப்பின்னலை அமைக்கத்தான் வேண்டுமா, சந்தையில் கிடைக்கும் இணைய இணைப்பே போதாதா என்ற வினா எழுவது இயல்பே. விடை, செய்தி செல்லும் முறையில் உள்ளது. வணிக நிறுவனம் பல்லாயிரம் வாடிக்கையாளர்களின் சராசரித் தேவையைக் கணக்கிட்டுத் தன் பாதையை அமைக்கிறது. ஆராய்ச்சிக்கோ சராசரி பயன்படாது. பல நாள் ஓய்ந்திருக்கும் பாதையில், ஒரு சோதனை முடிந்தவுடன் மலையளவு தரவுகள் ஒரே வேளையில் சென்றாக வேண்டும். ஆகவே, இத்தகைய பாதை பாதி காலியாக இருப்பதை வீண்செலவு என்று தணிக்கையாளர் கருதுதல் பொருந்தாது.

இந்தியாவில் இம்முயற்சி 1986-இல் எர்நெட் என்னும் பெயரில் தொடங்கியது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் மத்திய மின்னணுவியல் துறை இதனை மேற்கொண்டது. அன்றிருந்த ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் ஆகியவை அத்துறையுடன் இதில் பங்கேற்றன. பொதுமக்களுக்கு இணையச் சேவை கிடைத்தது 1995 ஆகஸ்டில்தான் என்பதை நோக்க, கல்வித்துறை எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும்.

ஆயினும் தொடக்க கால வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட் மட்டுமே. நூறு கிகாபைட் தரவை அவ்வேகத்தில் அனுப்ப இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகும். விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் அதுவே ஏறத்தாழ 13 நிமிட வேலை. இவ்வேகத்தை நாடெங்கும் அளிக்கும் தேசிய அறிவு வலைப்பின்னலுக்கு 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ரூ. 5,990 கோடி, இலக்கு சுமார் 1,500 நிறுவனங்கள். செயற்படுத்தும் பொறுப்பு தேசியத் தகவலியல் மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கெனப் புதிதாக நாடு முழுவதும் பள்ளம் தோண்டவில்லை. தொலைபேசித் துறையின் வழித்தடங்களிலும், இருப்புப்பாதை ஓரங்களிலும், உயரழுத்த மின்கோபுரங்களின் மேலும் பொதுத்துறை நிறுவனங்கள் ஏற்கெனவே இட்டிருந்த ஒளியிழைகளே பயன்பட்டன. சிக்கனமான முடிவு.

பயன் கண்கூடு. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் சோதனைத் தரவுகளைக் கொல்கத்தா, மும்பை ஆகிய நகரங்களிலுள்ள கணிப்பொறி மையங்கள் பெற்று ஆராய்கின்றன.

குறை வேறிடத்தில் உள்ளது. 2009-இல் தொடங்கிய கல்விக்கான தகவல் தொழில்நுட்ப இயக்கத்தின்கீழ்ப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு கிகாபிட் இணைப்பு வகுக்கப்பட்டது. கல்லூரிகளுக்கோ ஒவ்வொன்றும் 512 கிலோபிட் வேகமுள்ள சில இணைப்புகளே. அத்தகைய ஓரிணைப்பில் மேற்சொன்ன தரவு வந்துசேர 18 நாள்கள் ஆகும். இந்திய மாணவர்களுள் மிகப் பெரும்பாலோர் பயில்வது இணைப்புக் கல்லூரிகளில் என்பதை நினைவிற்கொண்டால், ஒரே பட்டத்திற்குப் பயிலும் இருவரிடையே எத்தகைய இடைவெளி ஏற்படும் என்பது புலனாகும். வளாகத்திற்குள்ளும் இதே நிலைதான். ஒளியிழை வந்து முடியும் அறையிலிருந்து நூலகத்திற்கும் ஆய்வுக்கூடத்திற்கும் கம்பியிடுவதும், கருவிகளைப் பழுதுபார்ப்பதும், அதற்கென ஒரு தொழில்நுட்பப் பணியாளரை அமர்த்துவதும் நிறுவனத்தின் பொறுப்பு. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இவற்றிற்குத் தனித் தலைப்பு ஒதுக்காத கல்லூரிகளில், கிகாபிட் இணைப்பு முதல்வரின் அலுவலகக் கட்டடத்தைத் தாண்டுவதில்லை.