எது, எப்போது, எப்படி?

கேள்வி: செல்போன் படங்களை கிளவுட்டில் சேமிக்கும் வழக்கம் எப்படி வந்தது? (வாசகர், பாலக்கோடு)

பதில்: இதன் தொடக்கம் மின்னஞ்சல். 1996-இல் வந்த ஹாட்மெயில் ஒருவருக்கு 2 எம்.பி. இடம்தான் தந்தது. பழைய அஞ்சல்களை அழித்தால்தான் புதியவற்றுக்கு இடம் கிடைக்கும். 2004 ஏப்ரல் 1 அன்று அறிமுகமான ஜிமெயில் 1 ஜி.பி. தந்தது. முக்கியமான கோப்புகளைத் தமக்குத் தாமே அஞ்சலில் அனுப்பிப் பலர் பத்திரப்படுத்தினார்கள். அந்தத் தேவைக்கென்றே 2008-இல் டிராப்பாக்ஸ், 2011-இல் ஆப்பிளின் ஐகிளவுட், 2012-இல் கூகுள் டிரைவ் ஆகியவை வந்தன.

2015 மே மாதம் கூகுள் ஃபோட்டோஸ், தரம் சற்றுக் குறைத்த படங்களை வரம்பில்லாமல் இலவசமாக ஏற்றது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டா விலை சரிந்தது. எடுத்த படம் தானாகவே நிறுவனத்தின் தரவு மையத்துக்குப் போய்ச் சேர்வது அன்றாட வழக்கமானது. போன் தொலைந்தாலும் அதே கணக்கில் நுழைந்தால் படங்கள் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: இலவசம் ஏன் நின்றது? (வாசகர், காரிமங்கலம்)

பதில்: 2020 நவம்பரில் கூகுள் சொன்ன கணக்குப்படி, அதனிடம் 4 லட்சம் கோடிக்கு மேற்பட்ட படங்கள் இருந்தன, வாரந்தோறும் 2,800 கோடி படங்களும் வீடியோக்களும் புதிதாகச் சேர்ந்தன. இவற்றை வைத்திருக்க இயந்திரம், மின்சாரம், குளிரூட்டல் எல்லாம் ஓயாமல் வேண்டும். எனவே 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் 15 ஜி.பி. வரம்புக்குள் கணக்கிடப்படுகின்றன. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே இந்த 15 ஜி.பி. ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-இல் இதற்குள் வந்துவிட்டது. வரம்பு நிரம்பினால் புதிய மின்னஞ்சல்கூட வராது. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கை நிறுவனம் அழிக்கலாம். ஆகவே, திரும்ப எடுக்க முடியாத குடும்பப் படங்களின் இன்னொரு பிரதி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கட்டாயம் இருக்க வேண்டும்.

கேள்வி: டிஜிலாக்கரும் இதே போன்றதுதானா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: தோற்றத்தில் ஒன்று, தன்மையில் வேறு. இந்திய அரசு 2015 ஜூலை 1 அன்று தொடங்கிய டிஜிலாக்கரில் ஆவணங்கள் இரு வகை. ஒருவர் தாமே படம்பிடித்து ஏற்றுவது வெறும் பிரதி. அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. வழங்கும் துறையின் பதிவேட்டிலிருந்து நேரடியாக வருவதே 'வழங்கப்பட்ட ஆவணம்'. டிஜிலாக்கர் குறித்த 2016-இன் விதிகளில் 2017 பிப்ரவரியில் செய்த திருத்தம் அதை அசல் ஆவணத்துக்குச் சமமாக்கியது. 2018-இல் மோட்டார் வாகன விதிகளும் அவ்வாறே திருத்தப்பட்டன. தர்மபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தந்த ஓட்டுநர் உரிமத்தை, டிஎன் 29 வண்டியில் ஓசூர் தாண்டி பெங்களூரு போகிறவர் அங்கேயும் போனிலேயே காட்டலாம்.

டிஜிலாக்கர் கணக்கில் ஆதார் எண் வழி நுழைவோருக்கு, ஆதாரில் பதிந்த செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண்ணைக் கைவிட்டவர்கள் முதலில் ஆதாரில் புதிய எண்ணைப் பதிய வேண்டும்.