விருந்தினரை வரவழைக்கும் பணியகம்

கடைக்காரர் தம்மிடம் உள்ள பொருளை விற்கிறார். ஹோட்டல் தன்னிடம் உள்ள அறையை வாடகைக்கு விடுகிறது. ஆனால் விற்பதற்கென்று ஓர் அறையோ ஒரு மண்டபமோ சொந்தமாக இல்லாமல், ஒரு பிரதேசம் முழுவதையும் சந்தைப்படுத்தும் நிறுவனம் ஒன்று உண்டு. அதுதான் சுற்றுலா, மாநாட்டுப் பணியகம். உயர்தர வணிகக் கல்வியில் சந்தைப்படுத்தல் அலகைப் படிக்கும்போது இதன்மீது எனக்கு ஆர்வம் உண்டாயிற்று. அது இயங்கும் விதத்தை, அது பிறந்த ஊரைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

அந்த ஊர் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கனடா எல்லை ஆற்றங்கரையில் உள்ள டெட்ரோயிட். 1890களின் நடுப்பகுதியில் அங்கே மில்ட்டன் கார்மைக்கல் என்ற பத்திரிகையாளர் ஒரு விடயத்தைக் கவனித்தார். பல்வேறு சங்கங்களின் பிரதிநிதிகள் யாரும் பெரிதாக முயற்சி எடுக்காமலே நூற்றுக்கணக்கில் வந்து மாநாடு நடத்திச் செல்கிறார்கள். முறையாக அழைத்தால் இன்னும் எத்தனை பேர் வருவர் என்று அவர் எழுதினார். ஹோட்டல்காரர்களும் வணிகர்களும் ஒன்றுகூடினர். 1896 இல் அமைப்பொன்று உருவாயிற்று. இத்தகைய பணியகங்களுள் முதலாவது இதுவே என்பர். (ஹென்றி ஃபோர்ட் தமது முதல் மோட்டார் வண்டியை அந்நகர வீதியில் ஓட்டிப் பார்த்ததும் அதே ஆண்டில்தான்.) இன்று அந்தப் பணியகம் நகரத்தோடு சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து இயங்குகிறது.

உல்லாசப் பயணிகள் தாமாகவே வருகிறார்களே, மாநாடுகளைத் தேடி ஏன் அலைய வேண்டும்? பாடநூலில் நாம் படித்த 'அழியும் தன்மை' இங்கே நினைவுக்கு வர வேண்டும். இன்றிரவு வெறுமையாகக் கிடக்கும் அறையை நாளை விற்க முடியாது. அந்த வருமானம் போனது போனதுதான். விடுமுறைப் பயணிகள் வார இறுதியிலும் பருவகாலத்திலும் வருவர். மாநாட்டுக்காரர்களோ வார நாட்களில், ஆள் குறைந்த மாதங்களில் வருவர். அதிலும் ஆயிரம் பேர் ஒரே தடவையில், ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே திகதி குறித்து வருவர்.

அவர்களை வரவழைக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அழகான படங்களும் விளம்பர வாசகங்களும் ஒருபுறம் இருக்கட்டும். பணியகத்தின் முதுகெலும்பு ஒரு கடிதம். உதாரணமாக, மருத்துவர் சங்கமொன்று மாநாட்டுக்கு இடம் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு கேள்விப் பட்டியலை அனுப்பும். மண்டபத்தில் எத்தனை ஆசனங்கள்? சிறு கூட்டங்களுக்கு எத்தனை அறைகள்? விமான நிலையத்திலிருந்து எவ்வளவு நேரம்? சக்கர நாற்காலியில் வருபவர் மேடைக்கு ஏற முடியுமா? சிலர் ஹலால் உணவும் சிலர் மரக்கறி உணவும் கேட்டால் கிடைக்குமா? பணியகம் ஒவ்வொரு ஹோட்டலிடமும் பேசி, குறித்த திகதிகளில் அறைகளை ஒதுக்கி வைக்கச் செய்து, எல்லாப் பதில்களையும் ஒரே ஆவணமாக்கி அனுப்புகிறது. பின்னர் சங்கத்தினரை அழைத்து இடங்களை நேரில் காட்டுகிறது. எழுதியதும் காட்டியதும் ஒத்துப்போகாவிட்டால் அடுத்த தடவை யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

இதற்குச் செலவழிப்பது யார்? ஒரு ஹோட்டல்காரர் தனியாகப் பணம் போட்டு நகரத்தை விளம்பரப்படுத்தினால் பக்கத்து ஹோட்டலும் இலாபமடையும். ஆகவே எல்லோரும் மற்றவர் செலவழிக்கட்டும் என்று காத்திருப்பர். பொருளியலில் நாம் படிக்கும் பொதுப் பண்டப் பிரச்சினை இதுவே. அதனால்தான் பல இடங்களில் அறை வாடகையில் சிறு வீதத்தைச் சட்டப்படி அறவிட்டுப் பணியகத்துக்குக் கொடுக்கிறார்கள்.

டெட்ரோயிட்டின் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. 1950 இல் பதினெட்டு இலட்சத்துக்கும் மேலாக இருந்த மக்கள்தொகை, 2020 இல் ஏறத்தாழ ஆறு இலட்சத்து நாற்பதாயிரமாகச் சுருங்கியது. 2013 இல் நகரம் வங்குரோத்து அடைந்தது. 1988 இல் இறுதி ரயில் புறப்பட்டுப் போன பெரிய ரயில் நிலையத்தின் உடைந்த ஜன்னல்களே உலகம் முழுவதும் படங்களாகப் பரவின. அப்படிப்பட்ட ஊருக்கு எப்படி விருந்தினரை அழைப்பது? இருப்பதைச் சொல்லித்தான். 1960 இல் திறந்த மாநாட்டு மண்டபம் இருந்தது. அருகிலுள்ள டியர்போர்ன் நகரில் ஃபோர்ட் அருங்காட்சியகமும், 2005 இல் திறந்த அரபு அமெரிக்க அருங்காட்சியகமும் இருந்தன. அரபுக் குடும்பங்கள் நடத்தும் உணவகங்களும் வெதுப்பகங்களும் இருந்தன. அமெரிக்கக் காற்பந்துக் கழகங்கள் புதிய வீரர்களைத் தெரிவுசெய்யும் நிகழ்வை நடத்தும் வாய்ப்பு 2022 இல் இந்நகருக்குக் கிடைத்தது. 2024 ஏப்ரலில் அது நடந்தபோது, மூன்று நாட்களில் ஏழு இலட்சத்து எழுபத்தையாயிரத்துக்கும் அதிகமானோர் வந்தனர். அதே ஆண்டு ஜூனில் பழைய ரயில் நிலையமும் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. அதைத் திருத்தியது ஃபோர்ட் நிறுவனம். இவை அனைத்தையும் பணியகமே சாதித்தது என்று சொன்னால் அது மிகை. வருவாய் எவ்வளவு கிடைத்தது என்று பணியகங்கள் தாமே வெளியிடும் தொகைகளையும் சற்று ஐயத்துடன்தான் பார்க்க வேண்டும். எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களையும் அவை கணக்கில் சேர்த்துவிடுவதுண்டு.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. சீனாவின் அன்பளிப்பாகக் கட்டப்பட்ட பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் 1973 இல் திறக்கப்பட்டது. 1976 இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு அங்கே நடந்தது. இலங்கை மாநாட்டுப் பணியகம் என்றே ஒரு நிறுவனமும் இயங்குகிறது. 2018 இல் இருபத்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளைக் கண்ட நாடு, நெருக்கடி மிகுந்த 2022 இல் ஏறத்தாழ ஏழு இலட்சத்து இருபதாயிரம் பேரையே கண்டது. "இப்போது வரலாமா?" என்று கேட்டவர்களுக்கு உண்மையான பதில் எழுத ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது.

சுற்றுலாத்துறை என்றதும் நம் பெற்றோர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஹோட்டல், இரவு வேலை, அறிமுகமற்றவர்கள் என்ற எண்ணமே காரணம். அந்தக் கவலையை நான் அற்பமாகக் கருதவில்லை. ஆயினும் பணியகத்தின் வேலை பெரும்பாலும் மேசையில் நடப்பது. மொழி வேண்டும், கணக்கு வேண்டும், பொறுமை வேண்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பழக்கம் வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு மாணவிக்கு இதில் நல்ல இடமுண்டு என்பது என் கருத்து. இதைப் படிக்கும் தாய் தந்தையர் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

எங்கள் வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து இதை ஒரு பயிற்சியாகச் செய்து பார்த்தோம். இருநூறு ஆசிரியைகள் இரண்டு நாள் கருத்தரங்குக்கு எமது ஊருக்கு வர விரும்பினால் என்ன பதில் எழுதுவோம்? மண்டபத்தின் ஆசனங்களை எண்ணினோம், நூற்று எண்பது. வாசலில் ஐந்து படிகள், சாய்தளம் இல்லை. தொழுகைக்கு இடமுண்டு. வுழுச் செய்யும் இடத்தில் நான்கு குழாய்கள், அவற்றில் ஒன்றில் நீர் வரவில்லை. மதிய உணவுக்கு மூன்று சமையல்காரம்மாமார் விலை சொன்னார்கள்; ஒருவர் மட்டும் அதை எழுதித் தந்தார். தங்குமிடம் என்ற கட்டத்தில் முப்பத்திரண்டு கட்டில்கள் என்று எழுதியிருக்கிறோம். மீதி நூற்று அறுபத்தெட்டுப் பேருக்காக, வீடுகளில் விருந்தினரை ஏற்கக்கூடிய தாய்மாரின் பெயர்களைச் சேகரித்து வருகிறோம்.