குங்பூ பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குங்பூ பயில விரும்பும் தோட்டத்து இளைஞர்கள் பட்டணத்துப் பயிற்சிக் கூடங்களை நாடிச் செல்கின்றனர். விருப்பம் நல்லதே. ஆயினும், உழைத்து ஈட்டிய பணத்தைக் கட்டுமுன் சிலவற்றை ஆராய்ந்தறிதல் வேண்டும்.

முதலாவது, பதிவு. 1997-ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி, விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டா.

இரண்டாவது, முறை. குங்பூவில் பல பிரிவுகள் உள்ளன. ஹுங் கார், தாழ்ந்து ஊன்றி நிற்கும் நிலைகளால் கால்களை வலுப்படுத்தும். விங் சுன், எதிரியை நெருங்கி நின்று கைகளால் விரைந்து தடுத்துத் தாக்கும் முறை. மெல்ல அசைந்து பயிலும் தாய்ச்சி, முதியோருக்கும் ஏற்றது.

மூன்றாவது, ஆசிரியர். ஒரு வகுப்பை முழுமையாகப் பார்த்திடுக. உடலைப் பதப்படுத்திய பின்னரே பயிற்சி தொடங்குகிறதா? புதியவரை முதல் நாளே மோதவிடுகின்றனரா? காயமுற்றவருக்கு ஓய்வு தரப்படுகிறதா? பால்மரம் சீவுவோருக்கு மணிக்கட்டும் முழங்காலும் பழுதுபட்டால் அன்றாட வருமானமே நின்றுவிடும்.

வகுப்பைப் பார்க்க அனுமதி மறுப்பவர், ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகவே கேட்பவர், இரகசியம் காக்கச் சத்தியம் வாங்குபவர், வெளிச் சண்டைக்குத் தூண்டுபவர் ஆகியோரிடம் பெற்றோர் தம் பிள்ளைகளை ஒப்படைத்தல் கூடாது.

இரவு வகுப்பு முடிந்தபின் தோட்டத்திற்குத் திரும்பப் பேருந்து உண்டா என்பதையும் விசாரித்தறிக. பின்னர் ஒரு மாதக் கட்டணம் மட்டும் செலுத்திப் பயின்று பார்த்து, தொடர்வதா என்பதை முடிவு செய்க.