பிரித்துக் கட்டும் பணமும் நோக்கமும்

கல்லாவில் சேர்ந்த ரொக்கம் நாம் உழைத்து ஈட்டியது; வரியும் கட்டியாகிவிட்டது. அதைச் சிறுசிறு தொகையாகப் பிரித்து வங்கியில் கட்டினால் குற்றமாகுமா? அமெரிக்காவில் ஆகலாம். எப்போது ஆகும் என்பதுதான் இந்த இதழின் சட்டப் பாடம்.

10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றத்தை வங்கி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதி. அந்த அறிக்கையைத் தவிர்ப்பதற்காக 9,000, 9,500 என்று பிரித்துக் கட்டுவது 1986 முதல் குற்றம். பணம் நேர்வழியில் வந்ததா என்ற கேள்வியே இல்லை. ஆனால் குறைந்த தொகை கட்டியது மட்டும் குற்றமாகாது. தவிர்க்கும் நோக்கமும் வேண்டும். மனத்தில் உள்ளதை எப்படி மெய்ப்பிப்பது?

ராட்ஸ்லாப் வழக்கைப் பாருங்கள். 1988-இல் நெவாடா சூதாட்ட விடுதி ஒன்றில் 1,60,000 டாலர் கடன்பட்டவர், 1,00,000 டாலர் ரொக்கத்துடன் திரும்பி வந்தார். அறிக்கை விதியைச் சொன்ன விடுதிக்காரர்களே காரும் கொடுத்து, துணைக்கு ஆளையும் அனுப்பினார்கள்! (கடனை வசூலிப்பதில் அவ்வளவு அக்கறை.) அவர் வங்கி வங்கியாக ஏறி, 10,000-க்குக் குறைந்த தொகைகளுக்கு வங்கிக் காசோலைகள் வாங்கினார். நோக்கத்தை அவர் மறுக்கவில்லை; அப்படிச் செய்வது குற்றமென்று தெரியாது என்பதே அவர் வாதம். 1994 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் சட்டம் திருத்தப்பட்டு அந்த வழி அடைக்கப்பட்டது. விதியை அறிந்திருந்தார், அதைத் தவிர்க்கவே பிரித்தார் என்ற இரண்டையும் காட்டினால் இப்போது போதும்.

இவற்றுக்கு நேர்ச்சாட்சி அரிது. ஒரே நாளில் பல கிளைகளில் கட்டியது, வங்கி ஊழியர் விதியைச் சொன்னதும் தொகையைக் குறைத்தது போன்ற நடத்தையிலிருந்தே நோக்கம் ஊகிக்கப்படுகிறது. இங்கேதான் நல்லவரும் மாட்டிக்கொள்வார்.

மிச்சிகனில் ஒரு மளிகைக் கடை. அதன் காப்பீட்டுப் பத்திரம் 10,000 டாலர் வரைதான் ரொக்க இழப்பை ஈடுசெய்யும். ஆகவே அந்த அளவைத் தாண்டுமுன் அடிக்கடி பணம் கட்டிவந்தார்கள். 2013 ஜனவரியில் வருமான வரித் துறை 35,000 டாலருக்கு மேல் பறிமுதல் செய்தது. குற்றவழக்கு ஏதும் இல்லை. கடைக்காரர் வழக்காடிய பின், அந்த ஆண்டு நவம்பரில் அரசே பின்வாங்கியது. பத்து மாதம் கொள்முதலுக்கு என்ன செய்திருப்பார் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பணம் சட்டவிரோத வழியில் வந்ததாகவோ வேறு குற்றத்தை மறைக்கப் பிரித்ததாகவோ இருந்தாலன்றி, இக்காரணத்துக்காக அத்துறை பறிமுதல் செய்யக் கூடாது என்று 2019-இல் சட்டம் வந்தது. பிரித்துக் கட்டுவது அங்கே இன்றும் குற்றந்தான்.