விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும்? எக்ஸெல்லில் கணக்குப் போடலாம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜனவரியில், லண்டனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அம்மா முதல் முறையாகக் கிளம்பினார். சென்னையில் புறப்பாடு 5:30, லண்டனில் இறங்குவது 11:00 என்று டிக்கெட்டில் இருந்தது. "ஐந்தரை மணி நேரம்தாம்மா" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை மாத்திரைகளையும் பெரிய பெட்டியிலேயே வைத்துவிட்டேன். பெட்டி விமானத்தின் அடிப்பகுதிக்குப் போய்விட்டது. மதிய மாத்திரை நேரத்தில் அம்மா நடுவானில் இருந்தார்!

டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊரின் கடிகார நேரம். இதை நான் மறந்துவிட்டேன். குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட 5:30 மணி நேரம் பின்தங்கியிருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இந்த வித்தியாசம் 4:30 மட்டுமே.

எக்ஸெல்லைத் திறந்துகொள்ளுங்கள். ஏ1 செல்லில் புறப்படும் நேரம் 5:30, பி1-ல் இறங்கும் நேரம் 11:00, சி1-ல் வித்தியாசம் 5:30 என டைப் செய்யுங்கள். டி1-ல் சமக்குறி போட்டு, பி1 கூட்டல் சி1 கழித்தல் ஏ1 என்று அமைத்து என்டர் தட்டுங்கள். விடை 11:00. அதாவது, பதினொரு மணி நேரப் பயணம்.

இது சரிதானா என்று தூரத்தை வைத்தும் பார்க்கலாம். கூகுள் மேப்ஸில் சென்னை மீது ரைட் கிளிக் செய்து, 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பிறகு லண்டன் மீது கிளிக் செய்யுங்கள். சுமார் 8,200 கிலோமீட்டர் என்று காட்டும். சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது சிரியா பக்கம் போகும். பூமி உருண்டை என்பதால் உண்மையான குறுக்குவழி அதற்கு வடக்கே ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன், போலந்து என்று செல்கிறது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்றால் இதற்கு ஒன்பதரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டதால் சுற்றித்தான் போக வேண்டும். ஆக, பதினொரு மணி நேரம் என்பது நியாயமான கணக்கே.

அம்மா மே மாதம் திரும்பினார். பகல் 12:00 மணிக்குக் கிளம்பி மறுநாள் அதிகாலை 2:45-க்குச் சென்னை. நேரத்தை அப்படியே போட்டால் விடை மைனஸில் போய், எக்ஸெல் வெறும் ##### என்று காட்டும். பயப்படாதீர்கள். மறுநாள் என்பதால் 24-ஐக் கூட்டி, பி2-ல் 26:45 என டைப் செய்யுங்கள். கிழக்கே வருவதால் இம்முறை வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும்: பி2 கழித்தல் சி2 கழித்தல் ஏ2. சி2-ல் 4:30 போட்டதும் 10:15 என்று வந்தது. அதைத் தங்கைக்குப் போனில் சொன்னேன். மாத்திரையும் மருந்துச் சீட்டும் அம்மாவின் கைப்பையில் வந்தன.